சிக்னலில் நின்றால் முள் ஏறுது, ஹீட்டரும் சூடாகலை – 22 வருஷப் பெட்ரோல் கார்

பின்சீட்டு:
நாலு சிலிண்டர், பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ரேடியேட்டர் அலுமினியம், ரெண்டு பக்க டேங்கும் பிளாஸ்டிக். கையேட்டில் கூலன்ட் கொள்ளளவு 6 லிட்டர். ரேடியேட்டர் மூடியில் 0.9 என்று அச்சு இருக்கு.

சிக்னலில் அஞ்சு நிமிஷம் நின்னா வெப்பம் காட்டற முள் முக்கால் வரை போகுது, வண்டி ஓட ஆரம்பிச்சதும் நடுவுக்கு வந்துடுது. ஹீட்டர் ஐடிலில் வெதுவெதுப்பு, ஆக்சிலரேட்டர் மிதிச்சா கொஞ்சம் சூடு. வாரத்துக்கு 200 மில்லி குறையுது, ஆனா தரையில் சொட்டு இல்லை. உள்ளே இருக்கிறது செங்கல் நிறம். தெர்மோஸ்டாட்டை (சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணி திறந்துவிடற வால்வு) கழட்டி வீசுங்க, புது ரேடியேட்டர் போடுங்கன்னு ரெண்டு யோசனை வந்திருக்கு. எதை முதலில் செய்யணும்?

திருகுசாவி:
ரெண்டையும் செய்யாதீங்க. முதலில் எங்கே கோளாறுன்னு பாருங்க, அப்புறம் பாகம் வாங்கலாம்.

நின்னா ஏறி, ஓடினா இறங்கினா அது காற்றுப் பிரச்சினை. ஃபேன் சுத்தலை, இல்லை ஃபேனைச் சுத்தியிருக்கிற கவசம் உடைஞ்சிருக்கு, இல்லை ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசி கம்பளி மாதிரி படிஞ்சிருக்கு. நின்னா சரியா இருந்து வேகத்தில் போகும்போது ஏறினா அது தண்ணி ஓட்டப் பிரச்சினை: ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, பம்ப் இம்பெல்லர் (உள்ளே தண்ணியைத் தள்ளற இதழ்ச் சக்கரம்) அரிச்சுப் போனது, கீழ் ஹோஸ் உறிஞ்சி ஒட்டிக்கொள்றது. உங்களுக்கு முதல் வகை. புது ரேடியேட்டர் போட்டாலும் சிக்னலில் முள் அப்படியேதான் ஏறும்.

எஞ்சின் முழுசா ஆறின பிறகு இதைப் பாருங்க:

ரேடியேட்டர் மூடியைக் கழட்டி ரப்பர் வளையத்தைப் பாருங்க. வெடிப்பு, நிரந்தரப் பள்ளம் இருந்தா மூடி போச்சு. நடுவில் இருக்கிற குட்டி வால்வை நகத்தால் இழுத்துவிட்டா சட்டுனு திரும்ப மூடணும். அது சிக்கிக்கிட்டா எஞ்சின் ஆறும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து தண்ணி திரும்ப வராது, மேல் ஹோஸ் சப்பிப்போயிருக்கும்.

அடுத்து பிரஷர் டெஸ்டர், ரேடியேட்டர் வாயில் மாட்டி அழுத்தம் ஏத்தற கைப்பம்ப். மூடியில் 0.9 பார் போட்டிருக்கா, அதுவரைக்கும்தான் பம்ப் பண்ணணும், கிட்டத்தட்ட 13 பிஎஸ்ஐ. அதுக்கு மேலே போனா பழைய பிளாஸ்டிக் டேங்கின் விளிம்பு பிளந்துடும். பத்து நிமிஷம் விட்டுட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க: வாட்டர் பம்ப் அடியில் ஒழுகல் துளை, பிளாக் பக்கவாட்டில் கோர் பிளக் வட்டங்கள் (வார்ப்புத் துளைகளை மூடற தகடுகள்), ஹீட்டர் குழாய் உள்ளே நுழையும் இடம், பயணி பக்கக் கார்ப்பெட் அடி.

ஃபேன்: ரேடியேட்டரில் திருகியிருக்கிற ரெண்டு ஒயர் ஸ்விட்சின் கனெக்டரைப் பிடுங்கி, இக்னிஷன் போட்டு, ஒயர் பக்க ரெண்டு முனையையும் ஒரு கம்பித் துண்டால் இணைங்க. கை தள்ளியே இருக்கட்டும். சுத்தினா மோட்டார், ஃபியூஸ், ரிலே எல்லாம் சரி, ஸ்விட்ச் செத்துப்போச்சு.

ஹீட்டருக்குப் போற ரெண்டு ஹோஸின் வெப்பத்தையும் அளந்து சொல்லுங்க.

லாரிக்காரன்:
வெயில் ஊரில் ஓட்டற வண்டிக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு? கழட்டினா தண்ணி தாராளமா ஓடும். பெரிய வண்டிக்கே பல பேர் கழட்டித்தான் ஓட்டறாங்க.

எண்பத்திரண்டு:
அண்ணே, பல பேர் செய்றாங்க என்பது உண்மை, சரின்னு அர்த்தமில்லை. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு ரெண்டு தட்டு. மேல் தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே அடித்தட்டு பைபாஸ் துளையை மூடும். அதைக் கழட்டினா பைபாஸ் எப்பவும் திறந்தே கிடக்கும். தண்ணி சுலபமான வழியைத்தான் பிடிக்கும்; ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுத்தும். மலையேறும்போது, பாரம் ஏத்தும்போது கழட்டாத வண்டியைவிட அதிகம் சூடாகும்.

பைபாஸ் தட்டு இல்லாத எஞ்சினில் நேர்மாறு, வண்டி சூடே ஏறாது. 60 டிகிரியில் ஓடற எஞ்சினில் பெட்ரோல் சரியா ஆவியாகாமல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலில் இறங்கும். ரிங் தேயும், ஹீட்டரும் வேலை செய்யாது.

தெர்மோஸ்டாட் சந்தேகம்னா சோதிக்கிறது ரொம்பச் சுலபம். வால்வுக்கு நடுவில் ஒரு நூலைச் செருகி, அந்த நூலிலேயே தெர்மோஸ்டாட்டைத் தொங்கவிட்டுப் பாத்திரத் தண்ணியில் முக்குங்க. அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. பாத்திரத்தின் அடி தண்ணியைவிடச் சூடு. பக்கத்தில் தெர்மாமீட்டர். மெதுவா சூடேத்துங்க. வால்வு திறக்கிற கணம் நூல் நழுவி, தெர்மோஸ்டாட் கீழே விழும். அப்போ தெர்மாமீட்டர் காட்டறதுதான் திறப்பு வெப்பம். தகட்டில் 82 என்று குத்தியிருந்தா 80 முதல் 84-க்குள் விழணும். முழுத் திறப்புக்கு இன்னும் 12, 13 டிகிரி ஆகும். ஆறவிட்டதும் இடைவெளி இல்லாமல் மூடுதான்னும் பாருங்க. அது கொஞ்சம் திறந்தே நின்னாலும் "ஹீட்டர் சூடாகலை" புகார் வரும்.

மாட்டும்போது ஸ்பிரிங் பக்கம் எஞ்சினைப் பார்த்து. தகட்டில் குட்டி ஊசி ஆடற துளை இருந்தா அது உச்சியில் வரணும். காற்று வெளியேறவே அந்தத் துளை. அடியில் வைத்தா பயனில்லை.

லாரிக்காரன்:
ரெண்டு தட்டு விஷயம் சரிதான். பைபாஸை மரக்கட்டை வச்சு அடைச்சுட்டுத்தான் கழட்டுவாங்க, அதைச் சொல்லாம விட்டேன். அடைக்காம கழட்டினா நீங்க சொல்றது நடக்கும்.

பின்சீட்டு:
அளந்துட்டேன்.
மூடி ரப்பர் கட்டை மாதிரி இறுகியிருக்கு. டெஸ்டரில் 13 பிஎஸ்ஐ, பத்து நிமிஷத்தில் 10-க்கு இறங்கிச்சு. பம்ப் ஒழுகல் துளைக்குக் கீழே வெள்ளைப் பொருக்கு, அதுக்கு மேல ஈரம். ஃபேன் தானா சுத்தலை, கம்பி போட்டா சுத்துது. ஹீட்டர் உள்ளே போற ஹோஸ் 81, வெளியே வர்றது 47, புளோயர் ரெண்டாவது வேகத்தில். தெர்மோஸ்டாட் 83-இல் விழுந்தது. கார்ப்பெட் காய்ஞ்சே இருக்கு.

திருகுசாவி:
எல்லாமே வந்துருச்சு. முள் ஏறக் காரணம் ஃபேன் ஸ்விட்ச். தரையில் சொட்டில்லாமல் குறைய பம்ப் சீல் காரணம்; ஒழுகறது சூட்டு பிளாக்கில் பட்டு ஆவியாகிடுது, உப்பு மட்டும் பொருக்கா நிக்குது. மூடி அழுத்தம் பிடிக்காததும் கூட்டுச் சேர்ந்திருக்கு.

மூடியைச் சாதாரணமா நினைக்காதீங்க. வெறும் தண்ணி 100-இல் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தா சுமார் 107. 0.9 பார் மூடி அதையே 125 பக்கம் கொண்டுபோகும். கொதிநிலையை உயர்த்தறதில் கூலன்டைவிட மூடிக்குத்தான் பங்கு அதிகம். அதே 0.9 தான் வாங்கணும். 1.1 போட்டா இன்னும் நல்லதுன்னு நினைச்சு மாட்டினா அடுத்து ஹீட்டர் கோர் (டேஷ்போர்டுக்குள் இருக்கிற குட்டி ரேடியேட்டர்) கிழியலாம்.

பம்ப் மாத்தும்போது: டைமிங் பெல்ட்டால் ஓடற பம்ப்பா இருந்தா பெல்ட்டும் டென்ஷனரும் கூடவே மாத்துங்க, பிரிக்கிற வேலை ஒண்ணுதான். பழைய கேஸ்கட்டைச் சுரண்ட அலுமினிய முகத்தில் இரும்பு பிளேடு வேண்டாம், ஒரு கீறல் போதும் ஒழுக. பேப்பர் கேஸ்கட்டுக்குச் சீலன்ட் பூசணும்னா தடவினதே தெரியாத அளவுக்கு. பிதுங்கற சிலிக்கான் புழு உள்பக்கம் அறுந்து நேரா ஹீட்டர் கோரில்தான் போய் உட்காரும். புதுப் பம்ப்பின் இம்பெல்லர் இதழ் வளைஞ்ச திசையைப் பழசோட ஒப்பிட்டுப் பாருங்க. ஒரே எஞ்சினுக்கு பெல்ட் சுத்தற பக்கத்தைப் பொறுத்து ரெண்டு வகை பம்ப் வர்றது உண்டு.

கிரீஸ்துணி:
ஹீட்டர் பக்கம் நான் சொல்றேன். உள்ளே 81, வெளியே 47 என்றால் 34 டிகிரி வித்தியாசம். தண்ணி தவழ்ந்து போகுது, கோர் பாதி அடைப்பு. ரெண்டு ஹோஸும் சூடா இருந்து காற்று மட்டும் குளிர்ந்து வந்தா அடைப்பு இல்லை, டேஷ்போர்டுக்குள்ளே காற்றைத் திருப்பிவிடற கதவு நகரலைன்னு அர்த்தம். ரெண்டும் குளிர்ந்திருந்தா ஹீட்டர் வால்வு திறக்கலை. லீவரைக் கடைசிவரை சூடு பக்கம் தள்ளிட்டு வால்வின் கை அதன் முனையைத் தொடுதான்னு பாருங்க. கேபிள் உறை கிளிப்பை விட்டு நழுவியிருக்கும், பல தடவை அவ்வளவுதான்.

கோரைக் கழுவ: ஹோஸை முறுக்கி இழுக்கவே கூடாது. கோரின் குழாய் மெல்லிய தகடு. 22 வருஷம் ஒட்டியிருக்கிற ஹோஸோட சேர்ந்து அதுவும் திரும்பி, ஒட்டுப்போட்ட இடத்தில் பிளக்கும். அப்புறம் டேஷ்போர்டு மொத்தமும் இறக்கணும். பிளேடால் ஹோஸை நீளவாக்கில் கீறி உரிச்செடுங்க. ஹோஸ் போனா போகட்டும், எப்படியும் மாத்தவேண்டியதுதான்.

வெளியேறும் குழாயில் தோட்ட ஹோஸைச் செருகி, குழாயைக் கால்வாசி மட்டும் திறங்க. தண்ணி எப்பவும் போற திசைக்கு எதிர்த்திசையில் விடணும். நேர்த்திசையில் விட்டா சேறு இன்னும் இறுகும். கம்ப்ரசர் காற்று கூடவே கூடாது. வர்ற தண்ணியை வெள்ளை வாளியில் பிடிங்க. முதலில் காபி நிறத்தில் வரும், அடியில் மணல் மாதிரி துரு படியும். நிறம் தெளிஞ்சதும் திசையை மாத்தி ஒரு தடவை, திரும்ப எதிர்த்திசையில் ஒரு தடவை.

போதுமான்னு தெரிஞ்சுக்க ஒரு வழி. தோட்ட ஹோஸில் நேரா ஒரு வாளி நிரம்ப எத்தனை நொடின்னு எண்ணுங்க. அதே திறப்பில் கோர் வழியா விட்டு எண்ணுங்க. ஒன்றரை மடங்குக்குள் வந்தா போதும். மூணு, நாலு மடங்குன்னா உப்பு கெட்டியா பிடிச்சிருக்கு. சிட்ரிக் அமிலம் லிட்டருக்கு 50 கிராம், வெந்நீரில் கரைச்சு கோரில் நிரப்பி 20 நிமிஷம். அலுமினியக் கோர்னா அதுக்கு மேல விடாதீங்க. பிறகு ஒரு சிட்டிகை சமையல் சோடா கலந்த தண்ணி, அப்புறம் நிறைய நல்ல தண்ணி. வாஷிங் சோடா, காஸ்டிக் கிட்டவே வரக்கூடாது, ரெண்டும் அலுமினியத்தைத் தின்னும்.

பின்சீட்டு:
கோர் சரியாகலைன்னா ரெண்டு ஹோஸையும் நேரா இணைச்சுட்டு ஓட்டலாமா? ஒழுகல் அடைக்கிற திரவம்னு ஒண்ணு விற்கிறாங்களே, பம்ப்புக்கு அதை ஊற்றினா?

கிரீஸ்துணி:
இணைக்கிறது தற்காலிகத்துக்குச் சரி. ரெண்டையும் தனித்தனியா அடைச்சு வைக்காதீங்க. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது ஹீட்டர் சுற்றுதான் தண்ணி சுழல ஒரே வழி.

ஒழுகல் அடைப்பான் வேண்டவே வேண்டாம். அது ஓட்டை எது, மெல்லிய குழாய் எதுன்னு பார்க்காது. பம்ப் சீலில் நிக்காது, கோரில் நிக்கும்.

எண்பத்திரண்டு:
பம்ப், கோர் எல்லாம் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஹெட் கேஸ்கட்டை (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கிற அடைப்புத் தகடு) ஒருமுறை சந்தேகப்பட்டுடுங்க. சூடேறி ஓடின அலுமினிய ஹெட். ஆறின எஞ்சினில் மூடி கழட்டி ஸ்டார்ட் பண்ணுங்க. முதல் ஒரு நிமிஷம் சில குமிழ் வரலாம். தெர்மோஸ்டாட் திறக்கிறதுக்கு முன்னாடியே நிற்காமல் சோடா மாதிரி வந்தா எரிவாயு கசியுது. உறுதி பண்ண நீலத் திரவம் இருக்கிற பிளாக் டெஸ்டர்: ரேடியேட்டர் வாயிலிருந்து ஆவியை உறிஞ்சவிட்டா, கார்பன் டை ஆக்சைடு இருந்தால் மஞ்சளாகும். கூலன்ட் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கி வச்சுச் சோதிங்க. திரவத்துக்குள் கூலன்ட் ஏறிட்டா சோதனை கெட்டுடும்.

பின்சீட்டு:
குமிழ் இல்லை. திரவம் நீலமாகவே இருக்கு.

திருகுசாவி:
அப்போ தைரியமா இறங்குங்க.

கழுவற வேலையில் பெரும்பாலானவங்க சறுக்கற கணக்கு ஒண்ணு. ரேடியேட்டர் அடித் திருகைத் திறந்தா 6 லிட்டரில் இரண்டரைதான் வரும். மீதி மூன்றரை பிளாக்கிலும் ஹீட்டரிலும் நிக்கும். வெறும் தண்ணியால் நாலு தடவை கழுவினா அந்த மூன்றரையும் வெறும் தண்ணி. இப்போ பாதிக்குப் பாதி கலந்து விற்கிற கூலன்டை இரண்டரை லிட்டர் ஊற்றினா உள்ளே போன சரக்கு ஒண்ணே கால் லிட்டர், ஆறில் 21 சதவீதம். துருத் தடுப்புக்கே அது போதாது. கலக்காத கூலன்டை இரண்டரை ஊற்றினாலும் 42-தான்.

அதனால் பிளாக்கின் பக்கவாட்டு வடிகால் திருகையும் திறங்க. ஒருவேளை எதுவும் வராது. துளைக்குப் பின்னாடி துருச் சேறு அடைச்சு நிக்கும். ஒரு கம்பியை உள்ளே விட்டுக் கிளறுங்க, கறுப்பா பொளக்குனு கொட்டும். கடைசி சிலிண்டரைச் சுத்திதான் இந்தச் சேறு அதிகம் படியும், அங்கேதான் சூடும் கூடும். திருகு அசையலைன்னா பலம் காட்டாதீங்க. ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருங்க. திருகு உடைஞ்சா பெரிய வேலை.

அதுவும் திறந்து நாலரை லிட்டர் வடிஞ்சா உள்ளே மிச்சம் ஒன்றரை. முதலில் கலக்காத கூலன்ட் 3 லிட்டர், பிறகு தண்ணி ஒன்றரை. சரியா பாதி.

லாரிக்காரன்:
பனி விழாத இடத்துக்கும் பாதிக்குப் பாதி வேணுமா?

திருகுசாவி:
கட்டாயமில்லை. பாதிக்குப் பாதி மைனஸ் 37 வரை உறையாது. பனி இல்லாத இடத்துக்கு அது மிகை. தண்ணிதான் சூட்டை நல்லா சுமக்கும், கூலன்டின் மூலச் சரக்கான கிளைக்கால் அவ்வளவு சுமக்காது. மூணில் ஒரு பங்குக்குக் கீழே மட்டும் போகாதீங்க. மறுபக்கம் 70-க்கு மேலும் போகக்கூடாது: கலக்காத கிளைக்கால் மைனஸ் 13-லேயே உறைஞ்சிடும், சூட்டையும் கடத்தாது. அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் நல்லது. மிதவை உள்ள ஹைட்ரோமீட்டர் திரவம் சூடா இருந்தா தப்பாக் காட்டும்.

தண்ணி வாலை வடிநீர், இல்லைன்னா கனிமம் நீக்கினது. போர் தண்ணியின் உப்பு சிலிண்டர் சுவரில் ஓடு மாதிரி ஒட்டும். வீட்டு சாஃப்ட்னர் தண்ணியும் வேண்டாம். அதில் கால்சியம் போய் சோடியம் வந்திருக்கும், குளோரைடு அப்படியே இருக்கும், அலுமினியத்தைக் குழிகுழியா அரிக்கும்.

நிறத்தை நம்பாதீங்க. பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனி ஊற்றற சாயம். டப்பாவில் துருத் தடுப்பு வகை ஐஏடி (கனிம உப்பு), ஓஏடி (கரிம அமிலம்), ஹெச்ஓஏடி (ரெண்டும் கலந்தது) எதுன்னு படிங்க. ஐஏடி ரெண்டு வருஷம், ஓஏடி பொதுவா அஞ்சு வருஷம். ரெண்டையும் கலந்தா நீண்ட ஆயுள் போயிடும், சில ஜோடி கூழாகவும் மாறும். உங்க அலுமினிய ரேடியேட்டருக்குக் கையேடு சொன்ன வகை. ஈயம் வச்சுப் பத்தவைச்ச செம்பு–பித்தளை ரேடியேட்டர் வச்சிருக்கிறவங்க ஐஏடி பக்கமே இருங்க.

மின்கம்பி:
இடையில் ஒரு எலக்ட்ரிக்கல் சமாச்சாரம். மல்டிமீட்டரின் கறுப்பு முனை பேட்டரி மைனஸில், சிவப்பு முனை ரேடியேட்டர் வாயில் கூலன்டுக்குள், உலோகத்தில் படாமல். எஞ்சின் ஓடட்டும், ஹெட்லைட், புளோயர், ஃபேன் எல்லாம் போடுங்க. 0.1 வோல்ட்டுக்குள் இருந்தா நல்லது. 0.3 தாண்டினா யோசிக்கணும். ஒவ்வொண்ணா அணைச்சுப் பாருங்க: ஒண்ணை அணைச்சதும் சட்டுனு இறங்கினா அந்தச் சாதனத்தின் எர்த் சரியில்லை, கரண்ட் கூலன்ட் வழியா வீடு திரும்புது. எல்லாம் அணைச்சும் இறங்கலைன்னா கூலன்டே அமிலமாகியிருக்கு. வருஷத்துக்கு ஒரு ஹீட்டர் கோர் ஓட்டையாகுதுன்னு புலம்பற வண்டிகளில் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கிற எர்த் பட்டையை முதலில் பாருங்க. ஹோஸ் முனைகள் கிளாம்ப் அருகே மட்டும் மெத்துனு இருந்தாலும் இதே சந்தேகம்தான். நடுவில் கெட்டியா, முனையில் ஸ்பாஞ்சு மாதிரி.

முள்ளைப் பத்தியும் ஒண்ணு. ஏறின முள் காரணமில்லாமல் சட்டுனு குளிர் பக்கத்துக்கு இறங்கினா சந்தோஷப்படாதீங்க. சென்சார் தண்ணியில் முங்கியிருந்தாத்தான் சரியாக் காட்டும். தண்ணி மட்டம் சென்சாருக்குக் கீழே போயிருக்கும். உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்க.

எண்பத்திரண்டு:
நிரப்பறது. வண்டி மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கட்டும், ரேடியேட்டர் வாய்தான் மிக உயரமா இருக்கணும். ஹீட்டர் லீவர் முழுச் சூட்டில். காற்றுத் திருகு இருந்தா திறந்து வைங்க, குமிழ் இல்லாமல் கோடா ஒழுகினதும் மூடுங்க. நிமிஷத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல ஊற்றாதீங்க, மடமடன்னு ஊற்றினா காற்று அடியில் சிக்கும். மேல் ஹோஸை அடிக்கடி அமுக்கி விடுங்க.

நிரம்பினதும் மூடி இல்லாமல் ஸ்டார்ட். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்க. பத்துப் பதினஞ்சு நிமிஷத்தில் மேல் ஹோஸ் திடீர்னு சூடாகும், தெர்மோஸ்டாட் திறந்துடுச்சு, மட்டம் மறுபடி இறங்கும். 2000 சுற்றில் ரெண்டு நிமிஷம் பிடிங்க. ஆக்சிலரேட்டரை விட்டதும் தண்ணி வாய் வரைக்கும் எழும்பும், முகத்தை நேரா வைக்காதீங்க. ஐடிலிலும் ஹீட்டர் காற்று சுடச்சுட வந்தா காற்று போயாச்சு. மூடியைப் போட்டு ஃபேன் ரெண்டு தடவை தானா சுத்தி நிற்கிற வரைக்கும் ஓடவிடுங்க.

பின்சீட்டு:
முடிஞ்சது. பம்ப், மூடி, ஃபேன் ஸ்விட்ச், நாலு ஹோஸ் புதுசு. கோரில் வாளி கணக்கு முதலில் 11 நொடிக்கு 38; சிட்ரிக்குக்குப் பிறகு 11-க்கு 15. ஹீட்டர் ஹோஸ் இப்போ 84, 70. பிளாக் திருகில் கம்பி விட்டதும் நீங்க சொன்ன கறுப்புச் சேறு. கூலன்ட் 48 சதவீதம், வோல்ட் 0.06. ஏசி போட்டு அரை மணி நேரம் நிக்கவச்சேன், முள் பாதியைத் தாண்டலை. ஃபேன் வருது, நிக்குது. ஆனா மறுநாள் காலையில் ரேடியேட்டரில் 300 மில்லி குறைவு. திரும்ப ஒழுகலா?

எண்பத்திரண்டு:
ரிசர்வ் டேங்கில் எவ்வளவு இருந்தது?

பின்சீட்டு:
காலி. அதை நிரப்பவே மறந்துட்டேன்.

எண்பத்திரண்டு:
அதான். மிச்சக் காற்று வெளியே போச்சு, ஆறும்போது திரும்ப உறிஞ்ச டேங்கில் ஒண்ணுமில்லை. ரேடியேட்டரை வாய் வரை நிரப்பிட்டு, டேங்கில் மேல் கோடு வரை ஊற்றுங்க. அங்கிருந்து ரேடியேட்டர் கழுத்துக்கு வர்ற சின்ன டியூப் வெடிச்சிருந்தாலும் காற்றைத்தான் உறிஞ்சும், அதையும் பாருங்க. ரெண்டு மூணு நாள் காலையில் ஆறின நிலையில் மட்டம் பாருங்க, ஒரே இடத்தில் நின்னா முடிஞ்சது.

திருகுசாவி:
திருகு வகைக் கிளாம்ப் போட்டிருந்தா ரெண்டு தடவை சூடாகி ஆறின பிறகு கால் சுற்று இறுக்குங்க, புது ரப்பர் அமுங்கும். ஸ்பிரிங் கிளாம்ப்புக்கு அது தேவையில்லை.

கிரீஸ்துணி:
வடிச்ச கூலன்டை மூடியுள்ள கேனில் வச்சு, பழைய ஆயில் வாங்கற இடத்தில் கொடுங்க. இனிப்பா இருக்கும், நாயும் பூனையும் நக்கிக் குடிச்சுச் சிறுநீரகம் போய்ச் செத்துடும். தரையில் சிந்தினதையும் நிறையத் தண்ணி விட்டுக் கழுவிடுங்க.

பின்சீட்டு:
நாலு நாள் ஆச்சு. மட்டம் அசையலை. பொருக்கு இருந்த இடத்தைத் துடைச்சு வச்சிருந்தேன், காய்ஞ்சே இருக்கு.